அடிக்குறிப்பிலிருந்து நெறிக்கு: டி.இ.எஸ். மருந்து வழக்குகளில் காரணத் தொடர்பு

மருந்தால் ஊறு நேர்ந்ததென்று இழப்பீடு கோருபவர், தாம் உட்கொண்ட மருந்தைத் தயாரித்த நிறுவனம் இன்னதென்று மெய்ப்பித்தாக வேண்டும் என்னும் பழைய விதி, கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1980 மார்ச் 20 அன்று ‘சிண்டெல் எதிர் அபட் லேபரட்டரீஸ்’ வழக்கில் வழங்கிய தீர்ப்பால் தளர்ந்தது. நிறுவனத்தை அடையாளம் காட்ட இயலாத நிலையில், ஒவ்வொரு நிறுவனமும் அம்மருந்துச் சந்தையில் தனக்கிருந்த பங்கின் அளவுக்கு இழப்பீடு தர வேண்டும் என்ற ‘சந்தைப் பங்குப் பொறுப்பு’ நெறியை, நீதிபதி ஸ்டான்லி மாஸ்க் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு முன்வைத்தது. நான்குக்கு மூன்று என்று பிரிந்த அந்த அமர்வில் நீதிபதி ஃபிராங்க் ரிச்சர்ட்சன் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு, காரணத் தொடர்பு என்னும் அடிப்படையே இங்குக் கைவிடப்பட்டது என்று வாதிட்டது. அயோவா (1986), இல்லினாய் (1990) மாநில உச்ச நீதிமன்றங்கள் இந்நெறியை ஏற்க மறுத்தபோதும் இதே கவலை முன்நின்றது. ரிச்சர்ட்சனின் இந்த வாசிப்பு தீர்ப்பின் ஓர் அடிக்குறிப்பைப் போதிய அளவு கருத்தில் கொள்ளவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் எனப்படும் டி.இ.எஸ்., காப்புரிமை பெறப்படாத மருந்தாதலால், பல நிறுவனங்கள் ஒரே வாய்பாட்டில் அதைத் தயாரித்தன. கருச்சிதைவைத் தடுப்பதற்கென 1947 முதல் கர்ப்பிணிகளுக்கு அது தரப்பட்டது. அவர்களுக்குப் பிறந்த மகள்களிடம் அரிய வகைப் புற்றுநோய் தோன்றியதை 1971இல் ஹெர்ப்ஸ்டும் உடன் ஆய்வாளர்களும் வெளிப்படுத்தினர். ஊறு தெரியவந்தபோது மருந்துக்கடைக் குறிப்புகள் பலவும் அழிந்துபோயிருந்தன. தாய்க்கு வழங்கப்பட்ட மாத்திரை எந்த நிறுவனத்தினுடையது என்று சொல்ல எவரும் இல்லை.

ரிச்சர்ட்சனின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. சந்தையில் பத்தில் ஒரு பங்குடைய நிறுவனம் ஒரு குறிப்பிட்ட வாதிக்கு ஊறு செய்யாதிருக்கவே வாய்ப்பு மிகுதி. அவ்வாறிருக்க அதனிடம் பணம் பெறுவது ஊகத்தின் மேல் எழுப்பிய பொறுப்பு என்றும், பணம் படைத்தவரிடம் கைநீட்டும் போக்கு என்றும் அவர் கருதினார். மாத்திரையின் நிறுவனத்தை அடையாளம் காட்ட வல்ல வாதி அந்த ஒரு நிறுவனத்தை, அது நொடித்துப்போயிருந்தாலும், நம்பியிருக்க வேண்டியிருக்க, அடையாளம் காட்ட இயலாதவரோ பல பிரதிவாதிகளை ஒருசேரப் பெறுகிறார் என்பதும் அவர் எடுத்துக்காட்டிய முரண்.

தீர்ப்பின் 28ஆம் அடிக்குறிப்பு, ஃபோர்டாம் சட்ட இதழில் 1978இல் வெளிவந்த கருத்துரையொன்றின் கணக்கை எடுத்தாள்கிறது. ஒரு நிறுவனம் மொத்த மருந்தில் ஐந்தில் ஒரு பங்கை விற்றிருக்குமானால், எல்லா வழக்குகளிலும் அடையாளம் காண முடிந்தால் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு வழக்கில் மட்டும் முழு இழப்பீட்டையும் செலுத்தும். அடையாளம் காண முடியாவிட்டால் எல்லா வழக்குகளிலும் ஐந்தில் ஒரு பங்கைச் செலுத்தும். நூறு வழக்குகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு லட்சம் டாலர் எனக் கொண்டால், இரு வழியிலும் அது செலுத்துவது இருபது லட்சமே. ரிச்சர்ட்சன் ஒரு தனி வாதியின் மாத்திரையிலிருந்து காரணத் தொடர்பைத் தேடுகிறார். அடிக்குறிப்போ ஒரு நிறுவனம் விளைத்த மொத்தக் கேட்டிலிருந்து அதைத் தேடுகிறது. காரணத் தொடர்பு இங்கே கைவிடப்படவில்லை. அதை அளக்கும் அலகே மாறியிருக்கிறது.

இதற்கு மற்றொரு சான்றும் உண்டு. பிரதிவாதிகளுள் ஒரு நிறுவனம், வாதி பிறந்த பிறகே தான் டி.இ.எஸ். தயாரிக்கத் தொடங்கியதாக மெய்ப்பித்து வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டதைத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. பணம் படைத்தவரிடம் பெறுவதே நோக்கமாயின் இந்த வாயிலைத் திறந்துவைக்கத் தேவையில்லை. வழக்கு சாட்சியங்களை விசாரிக்கும் நிலையை எட்டாமல், மனுவின் சட்டத் தகுதி பற்றிய ஆட்சேபத்திலேயே மேல்முறையீட்டுக்கு வந்ததால், சந்தைப் பங்கு பற்றிய எந்த எண்ணும் அப்போது சோதிக்கப்படவில்லை என்பது உண்மையே. ஆயினும் நெறியின் அமைப்பைத் தீர்மானிக்க எண்கள் தேவையில்லை. விடுவிப்பு வாயில் ஒன்றே போதும்.

அடிக்குறிப்பின் கணக்கு, ஒவ்வொரு நிறுவனமும் தன் பங்கை மட்டுமே செலுத்தும்போதுதான் பொருந்தும். கணிசமான பங்குடைய நிறுவனங்கள் வழக்கில் இருந்தால் போதும் என்று தீர்ப்பு கூறியதேயன்றி, வழக்கில் இல்லாத நிறுவனங்களின் பங்கை யார் ஏற்பது என்பதைத் தெளிவாக்கவில்லை. எண்பது விழுக்காடு உடையோர் முழுத்தொகையையும் ஏற்க நேர்ந்தால், ஐந்தில் ஒரு பங்குடைய நிறுவனம் நான்கில் ஒரு பங்கைச் செலுத்த வேண்டிவரும். அப்போது ரிச்சர்ட்சனின் குற்றச்சாட்டு வலுப்பெறும். இந்த ஐயத்தை ‘பிரவுன் எதிர் சுப்பீரியர் கோர்ட்’ வழக்கில் 1988இல் அதே மாஸ்க் தீர்த்துவைத்தார்: அவரவர் பங்குக்கு அவரவரே பொறுப்பு, கூட்டுப் பொறுப்பு இல்லை. ஆதலின் இந்நெறி பிறந்த ஆண்டு 1978ஆ, 1980ஆ, 1988ஆ என்பதற்கு ஒரே விடை கூறுவது பொருந்தாது. அடிக்குறிப்பிலிருந்த கணக்கு சட்டமாக எட்டு ஆண்டுகள் ஆயின என்பது மட்டும் சொல்லத்தக்கது.

நியூயார்க்கின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1989இல் ‘ஹைமோவிட்ஸ் எதிர் எலி லில்லி’ வழக்கில் வேறு வழி கண்டது. தலைமை நீதிபதி வாக்லர் நாடு முழுவதையும் ஒரே சந்தையாகக் கொண்டதோடு, வாதிக்கு ஊறு செய்த மாத்திரை தன்னுடையதன்று என மெய்ப்பிக்கும் நிறுவனத்தையும், அது கர்ப்பகாலப் பயன்பாட்டுக்கு மருந்தை விற்றிருந்தால், விடுவிக்க மறுத்தார். இக்கூறில் நீதிபதி மோலன் மாறுபட்டார். மருந்தைத் தயாரித்த நிறுவனங்கள் ஏறத்தாழ 200 என்று சிண்டெல் தீர்ப்பும், ஏறத்தாழ 300 என்று ஹைமோவிட்ஸ் தீர்ப்பும் கூறுவது கவனிக்கத்தக்க வேறுபாடு. கணக்கிட்ட காலம் மாறியதால் இது எழுந்திருக்கக் கூடும் என்றாலும், தீர்ப்புகளைக் கொண்டு மட்டும் அதை உறுதிசெய்ய இயலாது. 1947 முதல் 1971 வரையிலான இருபத்துநான்கு ஆண்டுகளில் நிறுவனங்கள் சந்தைக்குள் நுழைந்தும் விலகியும் வந்தமையால், பங்குக் கணக்கின் பகுதி எண்ணே உறுதியற்றதாயிருந்தது என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது.

தனி வாதியை மட்டும் நோக்கினால், ரிச்சர்ட்சனின் விமர்சனம் சிண்டெலைவிட ஹைமோவிட்ஸுக்கே கூடுதலாகப் பொருந்தும். ஆனால் வாதிகளுக்கு முறையற்ற வசதி கிடைத்தது என்ற அவருடைய கூற்றுக்கு அங்கும் இடமில்லை. கூட்டுப் பொறுப்பு அங்கும் மறுக்கப்பட்டதால், மூடப்பட்டுப்போன நிறுவனங்களின் பங்கையும் நீதிமன்றத்தின் முன் கொண்டுவர முடியாத நிறுவனங்களின் பங்கையும் ஏற்பார் எவருமில்லை; அந்தத் தொகை நோயுற்ற மகள்களின் இழப்பாகவே நின்றது.