சோறு உண்டு, பங்கு இல்லை

கோட்டூர்புரத்தில் வித்யாசாகர், தி.நகரில் மதுரம் நாராயணன் மையம். இந்த மாதிரி இடங்களில், பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப்போகக் காத்திருக்கும் அம்மா அப்பாக்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எங்கே ஆரம்பித்தாலும் பேச்சு ஒரே கேள்வியில்தான் போய் நிற்கும். எங்களுக்கு அப்புறம்?

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மயிலாப்பூரில் பூர்விக வீடு. பில்டரிடம் கொடுத்ததில் இரண்டு ஃப்ளாட் கைக்கு வந்தது. மூத்த பெண் அமெரிக்காவில். இளையவனுக்கு வயது முப்பத்து நாலு. கையெழுத்துப் போடத் தெரியும். எதில் போடுகிறோம் என்று தெரியாது. ஒரு ஃப்ளாட் அவனுக்கு என்பதில் அக்காவுக்கு ஆட்சேபணை கிடையாது. சட்டத்துக்கும் கிடையாது.

இன்றைக்குக் கிடையாது. 1956-க்கு முன்னால் கதையே வேறு.

நம் பக்கத்து ஹிந்துக் குடும்பங்களின் சொத்துச் சண்டைகளுக்கெல்லாம் ஆதார நூல், மிதாக்ஷரா. சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில் விஞ்ஞானேஸ்வரர் எழுதியது. அதில் யாருக்குப் பங்கு கிடையாது என்று ஒரு பட்டியல் வருகிறது. பார்வையற்றவர், கால் ஊனமானவர், புத்தி பேதலித்தவர், பிறவியிலேயே அறிவு வளராதவர், தீராத நோயாளி. இவர்களுக்குச் சோறு போட்டுக் காப்பாற்ற வேண்டும், ஆனால் சொத்தில் பங்கு கிடையாது. அதே நூல் இன்னொன்றும் சொல்கிறது. பாகம் பிரித்த பிறகு வைத்தியத்தில் குணமாகிவிட்டால் பங்கு உண்டு. அவருக்குக் குறையில்லாத மகன் பிறந்தால் அவனுக்கும் உண்டு. கொஞ்சம் ஈரம் இருந்திருக்கிறது. ஆனால் கஷ்டம் என்னவென்றால், சோறு என்பதை அளப்பது யார்? பங்கு வைத்திருக்கும் அண்ணன்தான். ஜீவனாம்சம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால், அதைப் போடவும் ஒரு ஆள் வேண்டும்.

வெள்ளைக்காரன் ஆட்சியில் இந்தப் பட்டியல் அப்படியே கோர்ட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. மதராஸில் வக்கீலாக இருந்த ஜான் மெய்ன் 1878-ல் ஹிந்து சட்டம் பற்றி ஒரு தடி புத்தகம் எழுதினார். வக்கீல்களுக்கு அதுதான் வேதம். பிற்பாடு அதைத் திருத்திப் பதிப்பித்தவர்களில் ஒருவர் மயிலாப்பூர்க்காரர், எஸ். சீனிவாச அய்யங்கார். அட்வகேட் ஜெனரலாக இருந்தவர், 1926-ல் காங்கிரஸின் தலைவர். அந்தக் காலத்து மயிலாப்பூர் வக்கீல் வீடுகளில் ‘பாகத்துக்கு அருகதை உண்டா, இல்லையா’ என்பது சம்பாத்தியம் தந்த கேள்வி.

1928-ல் ஒரு சட்டம் வந்தது. நோய், ஊனம், உடல் அல்லது மனக் குறை காரணமாக இனி யாரையும் ஒதுக்கக்கூடாது என்றது. உடனே ஒரு ‘தவிர’ போட்டது. பிறவியிலிருந்தே புத்தி சுவாதீனம் இல்லாதவர், அறிவு வளர்ச்சி இல்லாதவர் தவிர! பார்வையற்றவருக்குக் கதவு திறந்தது. நம் மயிலாப்பூர்ப் பையன் போன்றவர்களுக்குத் திறக்கவில்லை. அதற்கு இன்னும் 28 வருஷம் ஆயிற்று. 1956 ஹிந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவு, எந்த நோயும் எந்தக் குறையும் வாரிசுரிமைக்குத் தடையில்லை என்று ஒரே வரியில் பட்டியலைக் கிழித்துப் போட்டது. (முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்தத் தடை முன்பும் இருந்ததில்லை.)

பங்கு வந்துவிட்டது. பிரச்னை அங்கேதான் ஆரம்பிக்கிறது. பங்கைக் கையில் வைத்திருக்கத் தெரியாதவனுக்குப் பங்கு கொடுத்தால் என்ன ஆகும்? யாராவது ஒரு நாள் பேனாவை நீட்டுவார்கள். அவன் போடுவான்.

இதற்கு மருந்து 1882-லேயே தயாராக இருந்தது. இந்திய டிரஸ்ட் சட்டம். அதைப் போட்ட காலத்தில் வைஸ்ராய் சபையின் சட்ட உறுப்பினராக இருந்தவர் விட்லி ஸ்டோக்ஸ், ஐரிஷ்காரர். 1862-ல் மதராஸுக்குப் பிழைக்க வந்து, ஹைகோர்ட் தீர்ப்புகளைத் தொகுக்கும் வேலை பார்த்தவர். 1865-ல் மதராஸில் ஹிந்து சட்ட நூல்களின் ஆங்கில மொழிபெயர்ப்புகளைத் தொகுத்து வெளியிட்டார். அதில் மிதாக்ஷராவும் உண்டு. ஆக, பங்கு கிடையாது என்ற பட்டியலை அச்சிட்டவரின் கை, பங்கைப் பாதுகாக்கும் சட்டத்திலும் பட்டிருக்கிறது.

டிரஸ்ட் என்றதும் நமக்கு இன்ஜினீயரிங் காலேஜும் நன்கொடை ரசீதும் ஞாபகத்துக்கு வரும். இது அதுவல்ல. ஒரே ஒரு ஆளுக்காகவும் டிரஸ்ட் வைக்கலாம். அப்பா ஃப்ளாட்டை டிரஸ்டியின் பெயருக்கு மாற்றுகிறார். வாடகையும் வட்டியும் பிள்ளைக்கு மட்டும். வீடு, நிலம் என்றால் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும், அல்லது உயிலில் எழுத வேண்டும். டிரஸ்டி அதைத் தன் லாபத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. கணக்கு வைக்க வேண்டும். யாராவது பேனாவை நீட்டினாலும் பையனின் கையெழுத்தால் வீடு போகாது. ஏனென்றால் வீடு அவன் பெயரில் இல்லை.

காமர்ஸ் படித்தவன் கண்ணுக்கு உடனே தெரிவது வரி. அறுபதுகளில் பணக்காரக் குடும்பங்கள் வருமானத்தைத் துண்டு போட்டு ஏகப்பட்ட டிரஸ்ட்களில் ஒளித்து வைத்தன. 1970-ல் அரசாங்கம் கடிவாளம் போட்டது. யாருக்கு எவ்வளவு என்று சொல்லாமல், டிரஸ்டியின் இஷ்டத்துக்கு விட்ட டிரஸ்ட்டுக்கு அதிகபட்ச வரி. குறி வைத்தது திருட்டுப் பூனைக்கு. ஆனால் பத்திரம் எழுதுகிறவர் அசந்தால் அடி இந்தப் பையனுக்கும் விழும். பயனாளி இவன், வருமானம் முழுக்க இவனுக்கே என்று தெளிவாக எழுதிவிட்டால் அவனுக்கு உண்டான விகிதத்தில்தான் வரி. ஒரு வாக்கியத்தில் இருக்கிறது வித்தியாசம்.

பெற்றோர்கள் சும்மா இருக்கவில்லை. பதினெட்டு வயது முடிந்ததும் பிள்ளை சட்டத்தின் கண்ணில் மேஜர். அம்மா அப்பாவே ஆனாலும் அவனுக்காகக் கையெழுத்துப் போடும் உரிமை போய்விடும். நாடு முழுக்கப் பெற்றோர் அமைப்புகள் வருஷக்கணக்கில் குரல் கொடுத்ததன் விளைவு, 1999 டிசம்பரில் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவே கார்டியனை நியமிக்கும். அவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுத்து, வருஷா வருஷம் கணக்கும் காட்ட வேண்டும். 1985-ல் வித்யாசாகரைத் தொடங்கிய பூனம் நடராஜனும், பின்னாளில் இந்த தேசிய அறக்கட்டளையின் தலைவராக இருந்திருக்கிறார். அவரும் இப்படி ஒரு பிள்ளைக்கு அம்மா.

பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது உங்கள் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு பிள்ளைக்கு மாதாமாதம் தரும் டிரஸ்ட் அல்ல. மனச்சிதைவு போன்ற மனநோய் உள்ளவர்களும் அதில் வரமாட்டார்கள். அவர்களது சொத்தை நிர்வகிக்க 1987 மனநலச் சட்டத்தில் மாவட்ட நீதிமன்றம் வழியே ஒரு ஏற்பாடு இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2017 சட்டம் சிகிச்சையைப் பற்றி விலாவாரியாகப் பேசிவிட்டு, சொத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஆகவே ஹைகோர்ட் படி ஏற வேண்டியிருக்கிறது. கோமாவில் கிடப்பவர் வீட்டிலும் இதே கதைதான். 2024 மே மாதம், அப்படிப்பட்ட ஒருவரின் சொத்தை விற்க அவர் மனைவியைக் கார்டியனாக நியமித்தது சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி பெஞ்ச். அதற்கு முன் தனி நீதிபதி மறுத்திருந்தார். பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே ஒரு டிரஸ்ட் வைத்துவிட்டால், அந்தச் சொத்துக்காவது இந்த அலைச்சல் மிச்சம்.

இன்ஷூரன்ஸ் கதை தனி. மாற்றுத்திறனாளி பிள்ளைக்காகப் பாலிசி எடுத்தால் வரிச் சலுகை என்றது 80டிடி பிரிவு. ஆனால் பெற்றவர் செத்தால்தான் பிள்ளைக்குப் பணம். அறுபதைத் தாண்டி, வருமானம் நின்று, உயிரோடும் இருந்து தொலைத்தால்? ஒரு தகப்பனார் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2019 ஜனவரியில் தள்ளுபடி. ஆனால் அரசாங்கம் இதை யோசிக்கலாம் என்றார்கள் நீதிபதிகள். 2022 பட்ஜெட்டில் மாற்றினார்கள். பெற்றவருக்கு அறுபது ஆனதும் பிள்ளைக்குப் பணம் வர ஆரம்பிக்கலாம்.

எல்லாம் சரி. டிரஸ்டி யார்? இதில்தான் பாதிப் பத்திரங்கள் வரைவோடு நின்றுவிடுகின்றன. அக்கா அமெரிக்காவில். சித்தப்பாவுக்கு எழுபது வயது. யாருமே இல்லை என்றால் 1913 சட்டப்படி அரசாங்கமே ஒருவரை வைத்திருக்கிறது, அஃபிஷியல் டிரஸ்டி. சென்னை ஹைகோர்ட் வளாகத்திலேயே ஆபீஸ். சம்மதம் வாங்கி அவரை நியமிக்கலாம். கணக்கில் ஒழுங்கு இருக்கும். ஆனால் தயிர் சாதத்தைக் கையால் பிசைந்து கொடுத்தால்தான் பையன் சாப்பிடுவான், இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான் என்பதெல்லாம் எந்த ஃபைலில் இருக்கும்?

அதனால் விவரமான பெற்றோர் வேலையைப் பிரித்து விடுகிறார்கள். பணத்துக்கு ஒருவர், பையனைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர், முதலாமவரின் கணக்கைப் பார்க்கும் அதிகாரம் இரண்டாமவருக்கு. கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு. என்ன மருந்து, எந்த டாக்டர், எதற்குச் சிரிப்பான், எதற்குப் பயப்படுவான். இந்த நோட்டுக்கு ஸ்டாம்ப் பேப்பர் தேவையில்லை, சார்பதிவாளர் ஆபீஸில் கால் கடுக்க நிற்கவும் வேண்டாம். மருந்து மாறும்போதெல்லாம் பழைய பெயரை அடித்துவிட்டுப் புதுப் பெயரை எழுதினால் போதும்.