கைக்குழந்தையின் பிணைப்பும் உணர்ச்சிச் சமநிலையும்

கைக்குழந்தைக்குத் தன் அழுகையைத் தானே தணித்துக்கொள்ளும் திறன் மிகக் குறைவு. தூக்கி அணைப்பவரின் உடற்சூட்டிலும் குரலிலுமே அது அமைதியடைகிறது. இவ்வாறு பலமுறை தேற்றப்பட்ட குழந்தையே வளரும்போது சினத்தையும் அச்சத்தையும் தானே ஆற்றிக்கொள்ளப் பழகுகிறது. இப்பிணைப்பை மருத்துவர் ஜான் பௌல்பி 1969-இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார்.

பெரம்பலூரில் மக்காச்சோளம், சின்ன வெங்காய வயல்களுக்கும் அரியலூரில் முந்திரித் தோப்புகளுக்கும் வேலைக்குச் செல்லும் தாய்மார், பாட்டியிடம் வளரும் குழந்தை தம்மை ஒட்டாதோ எனக் கவலைப்படுவதுண்டு. கவலை வேண்டாம், பராமரிப்பவர் அடிக்கடி மாறாதிருந்தால், குழந்தை இருவரிடமும் பிணைப்புக் கொள்ளும். தூக்கினால் கைப்பழக்கமாகிவிடும் என்று அழவிடுவதே தவறு.

பிரசவத்திற்குப் பின் தாயின் மனச்சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் தெரிவிக்கவும். டெலி மானஸ் 14416 எண்ணிலும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.