வாசல் கூட்டுவது உடற்பயிற்சியா? உழைத்த உடல்களின் கணக்கு

தளவாய்புரம் பக்கத்தில் ஒரு காலனியில் சில மாதங்களுக்கு முன் மருத்துவ முகாம் ஒன்று நடந்தது. சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்த்தார்கள். வரிசையில் நின்ற ஒரு அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சர்க்கரை கூடியிருந்தது. சோதித்தவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "தினமும் அரை மணி நேரம் நடக்கணும்மா, உடம்புக்கு எக்சர்சைஸ் வேணும்" என்றார். அக்கா சிரித்துவிட்டார். "நான் எங்க சார் உக்காந்திருக்கேன்? நாலு மணிக்கு எந்திரிச்சா படுக்கப் பத்தாயிருது" என்றார். "வீட்டு வேலையெல்லாம் எக்சர்சைஸ் ஆகாதும்மா" என்று பதில் வந்தது.

அவருக்குப் பின்னால் நின்ற அம்மாவுக்கு முழங்கால் வலி. அவரிடம் அதே ஆள் சொன்னது இது: "நீங்கதான் காட்டு வேலைக்குப் போறீங்களே, உங்களுக்கு எதுக்குத் தனியா எக்சர்சைஸ்? வலிக்கு மாத்திரை போடுங்க."

இரண்டு பதில்களுக்கும் நடுவே ஐந்து நிமிடம்கூட இல்லை. ஒருவருடைய உழைப்பு கணக்கிலேயே வராது. இன்னொருவருடைய உழைப்பு கணக்கில் வரும், ஆனால் அதைக் காட்டியே அவருக்கு வேறு எதுவும் தேவையில்லை என்று அனுப்பிவிடுவார்கள். சொன்னவர் கெட்டவர் இல்லை, களைத்துப்போன ஊழியர். ஆனால் அந்த இரண்டு பதில்களுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. கல்லூரியில் படிக்கிற, களத்தில் வேலை செய்கிற தோழர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், உடற்பயிற்சி யாருக்குத் தேவைப்பட்டது? உட்கார்ந்து சாப்பிட முடிந்தவர்களுக்கு. 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். பள்ளிகளுக்கு டிரில் மாஸ்டர்கள் வந்தார்கள், 'தேகப்பயிற்சி' பாடமானது. நல்ல விஷயம்தான். ஆனால் அன்று பள்ளிக்கூட வாசலையே மிதிக்க முடியாத பிள்ளைகள் மாடு மேய்த்துக்கொண்டும் சாணி அள்ளிக்கொண்டும் இருந்தார்கள். அவர்களுடைய குனிதலுக்கும் நிமிர்தலுக்கும் யாரும் பயிற்சி என்று பெயர் வைக்கவில்லை. அதன் பெயர் வேலை. நம் ஊர்களில் அதற்கும் கீழான பெயர்: 'வெட்டி'. கூலி இல்லாமல், கேட்டால் வந்து செய்தாக வேண்டிய வேலை. 1858-இல் வந்த சென்னை கட்டாய உழைப்புச் சட்டம், கண்மாய்க் கரை உடைகிற ஆபத்து வந்தால் உழைக்கிற மக்களைக் கட்டாயமாக வேலைக்கு இழுக்க அதிகாரம் கொடுத்தது. அந்த வட்டாரத்துக் கரையை அடைக்க மண் சுமந்தது யார் தலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1936-இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில் இதைத்தான் உடைத்துக் காட்டினார். சாதி வேலைகளைப் பங்கு போடும் ஏற்பாடு மட்டும் அல்ல, வேலை செய்கிற மனிதர்களையே பிரித்து மேலும் கீழுமாக அடுக்குகிற ஏற்பாடு என்பது அவர் வாதம். அந்த அடுக்கில் உடலைக் கொண்டு செய்யும் வேலை கீழே தள்ளப்பட்டது. மேலே இருந்தவர்களுக்கு உடல் அசைவு குறைந்தபோது, அசைவு மட்டும் தனியாக, மரியாதையான பெயரோடு திரும்பி வந்தது.

இனி, உழைப்பை அரசு அளந்த கதைக்கு வருவோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் தாக்கியது. நிவாரண முகாம்களில் மண் வெட்டி, கல் உடைத்தால்தான் கூலி. 1877 ஜனவரியில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, ஒரு ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு (சுமார் 450 கிராம்) தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று முடிவு செய்தார். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். கடின உழைப்புக்குக் குறைந்தது ஒன்றரை பவுண்டு தானியமும் அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். மார்ச் மாதத்தில் அரசு கொஞ்சம் உயர்த்தியது. அதற்குள் போன உயிர்கள் போனதுதான்.

உழைப்பு உடலை வளர்க்குமா, தின்னுமா என்பதை உழைப்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. உணவும் ஓய்வும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. கார்னிஷ் அன்று எழுப்பிய கேள்வியை 1956-இல் இன்னொரு ஆய்வு வேறு பக்கத்திலிருந்து தொட்டது. வங்காளத்தில் செங்கேல் என்ற ஊரில் இருந்த சணல் ஆலையில் ழான் மேயரும் அவருடன் இருந்தவர்களும் 213 பேரைப் பார்த்தார்கள். மேசை வேலை செய்பவர் முதல் நிலக்கரி சுமப்பவர் வரை அதில் உண்டு. அசைவே இல்லாதவர்களை விட்டுவிட்டால், வேலை கூடக்கூடச் சாப்பாடும் கூடியது. சுமக்கிற உடல் அதற்கேற்ற சோற்றைக் கேட்கிறது. கேட்டது கிடைக்காவிட்டால் தசையைக் கரைத்துத்தான் உழைக்கும்.

இப்போது ஒரு வேடிக்கை. உடல் அசைவு இதயத்தைக் காக்கும் என்பதை நவீன மருத்துவம் கற்றுக்கொண்டது ஜிம்மில் இல்லை. கூலிக்கு வேலை செய்தவர்களிடம்தான். ஜெரி மாரிஸ் வறிய குடும்பத்தில் வளர்ந்த பிரிட்டன் மருத்துவர். லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறினார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது, வந்தாலும் உடனே சாவது குறைவாக இருந்தது. அமெரிக்காவில் ரால்ஃப் பாஃபன்பார்கர் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர்களைப் பல ஆண்டுகள் கவனித்து, 1975-இல் இதேபோன்ற முடிவை வெளியிட்டார். மூட்டை தூக்கியவர்களுக்கு இதய நோய்ச் சாவு குறைவு.

அதாவது உடற்பயிற்சி அறிவியலுக்கு ஆதாரம் கொடுத்ததே உழைத்த உடல்கள்தான். ஆனால் பெயர் வைக்கும்போது அவர்கள் வெளியே போனார்கள். 1985-இல் கார்ல் காஸ்பர்சனும் அவருடன் சேர்ந்தவர்களும் கொடுத்த வரையறைதான் இன்றுவரை பாடநூல்களில் இருக்கிறது. உடல் அசைவு எல்லாமே 'உடல் செயல்பாடு'. அதில் திட்டமிட்டு, திரும்பத் திரும்ப, உடல்திறனை வளர்க்கும் நோக்கத்தோடு செய்வது மட்டும் 'உடற்பயிற்சி'. ஆய்வுக்கு இந்தப் பிரிவு தேவைதான். ஆனால் நம் ஊர் முகாமில் அது "வீட்டு வேலையெல்லாம் ஆகாதும்மா" என்ற வாக்கியமாக வந்து இறங்குகிறது.

உண்மையில் உலக சுகாதார நிறுவனம் அப்படிச் சொல்லவில்லை. உடல் செயல்பாட்டை அளக்க அது உருவாக்கிய கேள்வித்தாளில் கூலி வேலை, கூலியில்லாத வேலை, வீட்டு வேலை, அறுவடை எல்லாமே 'வேலை' என்ற தலைப்பில் கணக்கில் வருகின்றன. 2020-இல் அது வெளியிட்ட வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு வேண்டும் என்கிறது. அந்த அசைவு வேலையில் வந்தாலும், நடந்துபோவதில் வந்தாலும், வீட்டில் வந்தாலும் கணக்குதான். அப்படிப் பார்த்தால் அந்த அக்கா ஒரு வாரக் கணக்கை இரண்டு, மூன்று நாளில் முடித்துவிடுவார். குடம் தூக்குகிறார், தொழுவம் கூட்டுகிறார், களை பறிக்கிறார்.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? வீட்டு வேலையும் காட்டு வேலையும் உடற்பயிற்சிதான் என்று அறிவித்துவிடலாமா? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும்.

2018-இல் பீட்டர் குனன் தலைமையில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. 17 ஆய்வுகள், 1,93,696 பேர். வேலையில் உடலுழைப்பு மிக அதிகமாக இருந்த ஆண்களுக்கு, குறைவாக இருந்தவர்களைவிட முன்கூட்டிச் சாகும் அபாயம் 18 விழுக்காடு கூடுதலாக இருந்தது. பெண்களிடம் அப்படித் தெளிவாகத் தெரியவில்லை. ஓய்வு நேர உடற்பயிற்சி ஆயுளைக் கூட்டுகிறது, வேலையில் வரும் உழைப்பு சில நேரம் குறைக்கிறது. டென்மார்க்கின் ஆந்திரியாஸ் ஹோல்டர்மன் போன்றவர்கள் இந்த முரணுக்குக் காரணம் சொல்கிறார்கள். உடற்பயிற்சி கொஞ்ச நேரம், பிறகு ஓய்வு. வேலையோ நாள் முழுக்க. குனிந்தால் குனிந்தபடி, நின்றால் நின்றபடி. இதயத் துடிப்பு மணிக்கணக்கில் ஏறியே இருக்கும். உடல் தேறுவதற்கு நேரம் இல்லை. எப்போது நிறுத்துவது என்பது செய்பவர் கையில் இல்லை.

அப்படியென்றால் லண்டன் நடத்துநருக்கும் சான் பிரான்சிஸ்கோ மூட்டைத் தொழிலாளிக்கும் உழைப்பு எப்படி நன்மை செய்தது? என் வாசிப்பு இது: அவர்களுக்குச் சங்கம் இருந்தது. சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் 1934-இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. உயிர்கள் போயின. அதன் முடிவில் ஆறு மணி நேர வேலைநாள் கிடைத்தது. அதற்குப் பின் உழைத்த உடல்களைத்தான் பாஃபன்பார்கர் அளந்தார். லண்டன் நடத்துநருக்கும் ஷிப்ட் உண்டு, சம்பளம் உண்டு, விடுப்பு உண்டு. அளந்தது படிகளை மட்டும் அல்ல. படி ஏறி முடித்த பிறகு உட்கார முடிந்த வாழ்க்கையையும் சேர்த்துத்தான்.

நம் மண்ணிலும் இந்தப் போராட்டம் இருந்தது. 1918 ஏப்ரல் 27 அன்று மதராஸ் தொழிலாளர் சங்கம் உருவானபோது, பின்னி ஆலைத் தொழிலாளர்களின் முக்கியக் குறைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை 1942 முதல் 1946 வரை வகித்த அம்பேத்கர், ஆலைகளின் வார வேலை நேரத்தை 54-லிருந்து 48 மணியாகக் குறைக்கும் சட்டத்தை 1946-இல் கொண்டுவந்தார். அம்பேத்கரை அரசியல் சட்டத்தோடு மட்டும் நினைக்கிற நாம், நம் உடலுக்கு ஆறு மணி நேர ஓய்வை மீட்டுத் தந்தவராகவும் நினைக்க வேண்டும்.

ஆனால் அந்தச் சட்டம் ஆலை வாசலோடு நின்றுவிட்டது. ராஜபாளையத்தில் 1936-இல் தொடங்கிய ராஜபாளையம் மில் மாதிரியான ஆலைகளுக்குள் அது வந்தது. வயலுக்கு வரவில்லை. சம்சாரி வீட்டு மாட்டுத் தொழுவுக்கு வரவில்லை. தளவாய்புரத்தில் வீட்டிலேயே மிஷின் போட்டு, பீஸ் கணக்கில் நைட்டி தைக்கிற பெண்ணுக்கும் வரவில்லை. அவர் பாதி நாள் குனிந்து தைக்கிறார், மீதி நாள் சமைத்துத் துவைக்கிறார். அவருக்கு ஒரே உடம்பில் இரண்டு நோய்: உட்கார்ந்தே இருப்பதால் வருவது ஒன்று, ஓயாமல் உழைப்பதால் வருவது ஒன்று. ஆலைக்குள்ளும் கிடைத்தது நிரந்தரம் இல்லை. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறியதையும், தொழிற்சங்கங்களின் எதிர்ப்பில் அது திரும்பப் பெறப்பட்டதையும் மறக்க வேண்டாம்.

வீட்டுக்குள் நிலைமை என்ன? 2024-இல் எடுக்கப்பட்ட ஒன்றிய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். 2014-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில், தமிழ்நாட்டில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பொழுதுபோக்காக விளையாட்டோ உடற்பயிற்சியோ செய்வதே இல்லை என்று தெரிந்தது. இதைச் சோம்பல் என்று படிக்கக் கூடாது. யாருக்கு நேரம் இருக்கிறது, யாருக்கு இடம் இருக்கிறது என்று படிக்க வேண்டும். 2023 நவம்பரில் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதையைக் கொண்டுவந்தது. நல்ல திட்டம். ஆனால் நம் அக்கா சாயங்காலம் செருப்போடு ஊர்த்தெருவில் சும்மா நடந்துபோனால், "என்ன, வேலை வெட்டி இல்லையா?" என்று கேட்கிற தெருக்கள் இன்னும் இருக்கின்றன. வேலைக்காக அந்தத் தெருவில் நடக்கலாம், தனக்காக நடக்கக் கூடாது.

அதனால் என் பதில் இது. வாசல் கூட்டுவதும் தொழுவம் கழுவுவதும் உடல் செயல்பாடு, சந்தேகமே இல்லை. மருத்துவர் அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். "சும்மா இருக்காதீங்க" என்று அந்த அக்காவிடம் சொல்வது அறியாமை. ஆனால் அதற்கு உடற்பயிற்சி என்று பட்டம் கொடுக்க நாம் அவசரப்பட வேண்டாம். அந்தப் பட்டம் கூலிக்குப் பதிலாகவும், ஓய்வுக்குப் பதிலாகவும், முழங்கால் சிகிச்சைக்குப் பதிலாகவும் நம் கையில் திணிக்கப்படும். உழைப்புக்கு அதன் சொந்தப் பெயரும் கூலியும் வேண்டும். 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய மாதம் 1000 ரூபாய்த் திட்டத்துக்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் 'மகளிர் உரிமைத்தொகை' என்று வைத்ததை நான் மதிப்பது இதனால்தான். தொகை சிறியது, சொல் சரியானது.

உடற்பயிற்சியும் நமக்கு உரிமைதான். காலனிப் பையன்கள் ராஜபாளையத்தில் ஜிம்முக்குப் போவதைச் சிலர் கேலி செய்கிறார்கள். நான் செய்ய மாட்டேன். தன் உடம்பைத் தனக்காகவே வளர்ப்பது நம் தாத்தாக்களுக்குக் கிடைக்காத அனுபவம். அந்தப் பையன்களிடம் ஒன்று மட்டும் கேட்பேன்: நீ டம்பெல் தூக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் உன் அம்மா வீட்டில் என்ன தூக்குகிறார்?

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. ஒரு நோட்டை எடுத்து, உங்கள் வீட்டுப் பெண்கள் எழுவது முதல் படுப்பது வரை ஒரு நாள் கணக்கை எழுதுங்கள். எத்தனை குடம், எத்தனை நேரம் குனிந்தார், எத்தனை நிமிடம் படுத்தார். அடுத்த முகாமுக்கு அந்த நோட்டோடு போங்கள். முழங்கால் வலிக்கு மாத்திரையோடு அனுப்பினால் நோட்டைக் காட்டி, இயன்முறை சிகிச்சை கேளுங்கள்.

முகாம் முடிந்து திரும்பும்போது அந்த அக்காவிடம் கேட்டேன், "உங்களுக்கு எதுக்கா வேணும், நடைப்பயிற்சியா?" என்று. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "மத்தியானம் ஒரு மணி நேரம் கால நீட்டிப் படுக்கணும் தாயி. அதுக்கப்புறம் நடக்கச் சொல்லு, நடக்கேன்."