பெரூக்கும் இட்லிப் பானையும்

நான்கு வருடங்களுக்கு முன் என் மனைவிக்குக் கீமோ சிகிச்சை நடந்தது. இரண்டாவது தவணைக்குள் தலைமுடி முழுதும் கொட்டிவிட்டது. பாரீசிலிருந்து பார்க்க வந்த மகள் செயற்கை இழையில் செய்த ஒரு விக் வாங்கி வந்தாள். கொஞ்சம் நரை கலந்தது, தோள் வரை நீளம். கூடவே பிரெஞ்சில் ஒரு துண்டுச் சீட்டு. பத்து நாளில் மகள் ஊர் திரும்பிவிட்டாள். வீட்டில் பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். விக் பராமரிப்பு என் இலாகாவாயிற்று.

பெரூக் என்ற சொல் எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே பழக்கம். சரித்திரப் புத்தகத்தில் இருந்த 14-ஆம் லூயி படத்துக்கு நாங்கள் வைத்த பெயர் டோப்பா ராசா. அவருடைய அப்பா 13-ஆம் லூயிக்கு இளம் வயதிலேயே வழுக்கை விழுந்தது. அவர் வைத்துக்கொண்டார், அரண்மனையும் வைத்துக்கொண்டது. ராசாவுக்கு வழுக்கை என்றால் ஊரே மறைக்க வேண்டும் போலிருக்கிறது!

அந்தச் சுருள்களை எப்படிச் செய்தார்கள் என்பது, கார்சோ என்பவர் 1767-ல் பெரூக் தொழில் பற்றி எழுதிய நூலில் இருக்கிறது. முடியைச் சிறு உருளைகளில் இறுக்கிச் சுற்றி, தண்ணீரில் கொதிக்கவைத்து, உலர்த்தி, பிறகு மாவுக்குள் பொதிந்து ரொட்டி அடுப்பில் சுடுவார்கள். ஆறியபின் பிரித்தால் சுருள் நிற்கும். அதன்மேல் மாவுப் பொடி தூவுவார்கள். இங்கிலாந்தில் 1795-ல் இந்தப் பொடிக்கு ஆளுக்கு வருடம் ஒரு கினி வரி போட்டதும் பலர் பொடியையே விட்டுவிட்டார்கள். 1822-ல் லண்டனில் ரேவன்ஸ்கிராஃப்ட் என்பவர், பொடியும் வேண்டாத, மறுபடி சுருட்டவும் வேண்டாத குதிரைமுடி விக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த நாட்டு வக்கீல்கள் தலையில் இன்றும் இருப்பது அந்த வகைதான்.

செயற்கை இழை வந்தது நம் காலத்தில். ஜப்பானில் 1957-ல் கானெகலான் என்ற இழை உற்பத்தி தொடங்கியது. 1965-ல் சீனாவிலிருந்து வரும் முடிக்கு அமெரிக்கா தடை போட்டது. அதன் பிறகு விக் தொழில் தென் கொரியாவில் பெருகியது. 1970 வாக்கில் அந்த நாட்டின் முக்கிய ஏற்றுமதிகளில் அதுவும் ஒன்று. பெரூக்காரர் கையை எதிர்பார்க்காமல், வீட்டுக் குளியலறையிலேயே அலசிக்கொள்ளும் விக் அப்படித்தான் சாதாரண வீடுகளுக்கு வந்தது.

சீட்டில் இருந்தபடி செய்தேன். முதலில் சிக்கெடுத்து, குளிர்ந்த நீரில் துளி ஷாம்பு விட்டு முக்கி எடுக்க வேண்டும். கசக்கக் கூடாது. துண்டில் வைத்து ஒற்றி, தாங்கியில் நிழலில் உலர்த்த வேண்டும். ஈரத்தில் சீவக் கூடாது. காய்ந்தபின் அகலப் பல் சீப்பால், நுனியிலிருந்து மேலே போக வேண்டும். எண்ணெய் கூடவே கூடாது. "எண்ணெய் இல்லாம என்னங்க முடி?" என்றாள் அவள். தாங்கி இல்லாததால் பித்தளைச் சொம்பைக் கவிழ்த்து வைத்தேன்.

சீட்டின் கடைசி வரி, விக் அணிந்தபடி 'அவன்' கதவைத் திறக்காதீர்கள் என்றது. நம் வீட்டில் ஏது அவன் என்று அதை அவளிடம் சொல்லாமலே விட்டேன்.

மூன்றாவது வாரம் உடம்பு கொஞ்சம் தேறி, அவளே இட்லி ஊற்றினாள். பானை மூடியைத் திறந்து குனிந்தாள், அவ்வளவுதான். முன்முடி தேங்காய் நார் மாதிரி சுருண்டுவிட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. விக்கைக் கழற்றி வைத்துவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இட்லியை எடுத்து வைத்தாள். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

இழை ஒருவகைப் பிளாஸ்டிக். சூட்டில் இளகி, ஆறும்போது எந்த வடிவில் இருக்கிறதோ அதிலேயே நின்றுவிடும். தொழிற்சாலையில் அளவான சூட்டில் அலையும் சுருளும் வைப்பது இதனால்தான். ரொட்டி அடுப்பில் செய்ததும் ஏறக்குறைய அதே வேலை. அளவு மீறினால் இழை கெட்டுவிடும், மனித முடி போல அலசிச் சீர்படுத்த முடியாது.

சிறு கத்தரியால் கருகிய நுனிகளை நானே வெட்டினேன். அரை அங்குலம் போயிற்று. கண்ணாடியில் பார்த்து, "பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருக்கு" என்றாள்.

இப்போது அவளுக்குச் சொந்த முடி வளர்ந்துவிட்டது, எண்ணெயும் வைக்கிறாள். விக் இன்னும் பீரோவில், சொம்பின் மேலேயே இருக்கிறது.