உள்ளே போனது போதும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தகப்பனார் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் சங்கிலியைத் துடைப்பார்; உலரவிடுவார்; கண்ணிக்கு ஒரு சொட்டாக எண்ணெய் விட்டு, பெடலைச் சுற்றுவார். கடைசியில் மேலே நின்ற எண்ணெயை எல்லாம் துடைத்துவிடுவார்.

"போட்ட எண்ணெயைத் துடைப்பானேன், அப்பா?" என்று கேட்பேன்.

"உள்ளே போனது போதும்" என்பார். கஞ்சத்தனம் என்றே எண்ணிக்கொண்டேன்.

சங்கிலியின் சரித்திரத்தைப் படித்த பிறகுதான் அந்தப் பதில் விளங்கிற்று. ஸ்விட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் ரெனால்டு 1879-ல், மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டில், ஆலை இயந்திரங்களுக்குச் சங்கிலி செய்யும் சிறு பட்டறை ஒன்றை விலைக்கு வாங்கினார். அந்தச் சங்கிலியில் ஆணியின் பாரம் மெல்லிய தகட்டுத் துளைகளின் விளிம்பில் விழுந்தது. ஆகவே சீக்கிரம் தேய்ந்தது. 1880-ல் ரெனால்டு உள்தகடுகள் இரண்டையும் ஒரு சிறு குழலால் இணைத்தார். ஆணி குழலின் நீளம் முழுவதும் படிந்து திரும்பிற்று. பாரம் பரவியது, தேய்மானம் குறைந்தது.

இது சைக்கிளுக்கென்று பிறந்த சங்கிலி அல்ல. ஆனால் 1885-ல் கவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, பின்சக்கரத்தைச் சங்கிலியால் ஓட்டும் 'ரோவர்' சைக்கிளைச் செய்தார். ஆளுயர முன்சக்கரத்தின் மேலிருந்து தலைகுப்புற விழும் காலம் முடியத் தொடங்கிற்று. நாளடைவில் ரெனால்டின் அமைப்பே சைக்கிளில் நிலைத்தது.

சங்கிலி தரைக்கு அருகே வந்ததும் புழுதி அதற்குச் சத்துரு ஆயிற்று. வுல்வர்ஹாம்டனில் ஜான் மார்ஸ்டன் தம் 'சன்பீம்' சைக்கிள்களின் சங்கிலியை எண்ணெயோடு சேர்த்துப் பெட்டிக்குள் மூடினார். நம் சைக்கிள்களின் செயின் கவர் அதற்கு ஏழைத் தாயாதி.

சங்கிலி நீண்டுவிட்டது என்கிறோமே, உண்மையில் இரும்பு நீளவில்லை. ஆணியும் குழலும் தேய்ந்த தேய்வுதான் கண்ணிக்குக் கண்ணி சேர்ந்து நீளமாகத் தெரிகிறது. அரை அங்குலக் கண்ணிகள் 24 சேர்ந்தால் 12 அங்குலம். அது அரைக்கால் அங்குலம் கூடினால் சங்கிலியை மாற்றிவிட வேண்டும். எண்ணெய்க்கு வேலை அந்தக் குழலுக்குள்ளேதான். வெளியே வழிந்தது மணலைப் பிடித்து, உப்புத்தாள் போல் அராவும்.

தகப்பனாருக்குக் கை நடுங்கத் தொடங்கிய வருஷம் அந்த வேலை என்னிடம் வந்தது. நான் தாராளமாக வழியவழிய ஊற்றினேன், துடைக்கவில்லை. வருஷம் திரும்புமுன் சங்கிலி பல்சக்கரத்தில் தாவ ஆரம்பித்தது. அவர் பார்த்தார்; ஒன்றும் சொல்லவில்லை.

அவர் ரெனால்டின் பெயரைக் கேட்டவரில்லை. ஆனாலும் அவர் விட்ட சொட்டு, போகவேண்டிய இடத்துக்குத்தான் போயிற்று.