தகவல் அறிதிறன் கல்வி: பல்கலைக்கழக நூலகர்களின் ஆய்வு வரலாறு

தமக்கு வேண்டிய தகவல் எது என்று உணரவும், அதைத் தேடிக் கண்டடையவும், அதன் தரத்தை எடைபோடவும், நேர்மையாகப் பயன்படுத்தவும் மாணவர்களுக்குக் கற்பிப்பது தகவல் அறிதிறன் கல்வி. தகவல் எழுத்தறிவு என்ற பெயரும் இதற்கு வழங்குகிறது. பல்கலைக்கழகங்களில் இதைப் பெரும்பாலும் நூலகர்களே நடத்துகின்றனர். எப்படிக் கற்பிப்பது, கற்பித்தது மாணவரிடம் தங்குகிறதா என்று அவர்கள் செய்துவந்த ஆய்வுகளின் பெரும்பகுதி அமெரிக்காவில் நிகழ்ந்தது. நூலகத்தை விளக்கிச் சொல்வதில் தொடங்கிய இத்துறை, மாணவர் எப்படித் தேடுகிறார், எங்கே திகைத்து நிற்கிறார் என்று ஆராய்வதில் வந்து சேர்ந்திருக்கிறது.

தொடக்கம்

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்கக் கல்லூரிகளில் பாடமுறை மாறியது. ஒரே பாடநூலை ஒப்பிப்பதற்குப் பதிலாக, பல நூல்களைப் படித்துச் சொந்தமாக ஆராயும் ஜெர்மானியப் பல்கலைக்கழக முறை பரவியது. அதுவரை நூல்களைக் காப்பதே நூலகர் வேலையாக இருந்தது. இப்போது மாணவர்கள் நூலகத்துக்குள் வரத் தொடங்கினர். ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராகவும் நூலகராகவும் இருந்த ஓடிஸ் ராபின்சன் மாணவர்களை அலமாரிகளுக்கு அழைத்துச் சென்று, நூல்களைத் தேர்ந்தெடுக்கப் பழக்கினார். ஹார்வர்டு நூலகர் ஜஸ்டின் வின்சரும் அவரும் எழுதிய கட்டுரைகளை, கல்லூரி நூலகம் கற்பித்தலுக்குத் துணைசெய்யும் என்ற கருத்தை முன்வைத்து, அமெரிக்கக் கல்விப் பணியகம் 1880இல் வெளியிட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரேமண்ட் டேவிஸ் 1881இல் நூலடைவியலை ஒரு பாடமாகவே நடத்தத் தொடங்கினார்.

இவை முன்னோடிகளின் சொந்த முயற்சிகள். கற்பித்ததால் மாணவரிடம் என்ன மாறியது என்பதை அளக்கும் முறை அன்று உருவாகவில்லை.

சென்னையில் ரங்கநாதன்

சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன் மாணவருக்கு எப்படி உதவுவது என்ற கேள்வியை வேறொரு வழியில் அணுகினார். வாசகருக்கு நேரில் உதவும் குறிப்புதவிப் பணியை அவர் வகைப்படுத்தியபோது, புதிதாக வரும் மாணவரை நூலகத்துக்குப் பழக்குவதை அதன் தனிப் பிரிவாக வைத்தார். 1931இல் வெளிவந்த அவரது ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காக்கச் சொல்கிறது. வாசகர் தடுமாறினால் குறை நூலக அமைப்பில் இருக்கிறது என்ற பார்வை அதில் அடங்கியிருக்கிறது. பின்னாளில் மாணவரை மையமாக வைத்து எழுந்த ஆய்வுகளிலும் இதற்கு நெருக்கமான பார்வையைக் காணலாம்.

மான்டீத் சோதனை

முறையான ஆய்வின் தொடக்கமாகக் கருதத்தக்கவர் பட்ரிசியா நாப். நாக்ஸ் கல்லூரியில் எந்தப் பாடத்துக்காக எவ்வளவு நூல்கள் இரவல் போகின்றன என்று அவர் கணக்கிட்டார். மிகச் சில பாடங்களே பெரும்பாலான இரவலுக்குக் காரணம் என்று தெரிந்தது. மாணவரை நூலகத்துக்கு அனுப்புவது ஆசிரியர் தரும் வேலை என்பதை இந்தக் கணக்கு காட்டியது.

அதை வைத்து, டெட்ராய்ட் நகரின் வெய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மான்டீத் கல்லூரியில் 1960 முதல் 1962 வரை ஒரு சோதனை நடந்தது. நூலகரும் பேராசிரியரும் சேர்ந்து பாடத்திட்டத்துக்குள்ளேயே நூலகப் பயிற்சிகளை அமைத்தனர். பாடத்தோடு ஒட்டாத பயிற்சியை மாணவர்கள் வீண்வேலையாகவே கருதினர். தம் பாடநேரத்தில் பங்கு கொடுக்கப் பேராசிரியர்கள் தயங்கினர். 1966இல் வெளியான நாப்பின் நூல் இந்தத் தடைகளை மறைக்காமல் பதிவு செய்தது. இன்றும் அதை மேற்கோள் காட்டுவதற்கு அந்த நேர்மை ஒரு காரணம்.

நாப் சொன்னதை நடைமுறையில் நிலைநாட்டியவர் இந்தியானாவில் உள்ள எர்ல்ஹாம் கல்லூரியின் நூலகர் ஈவான் ஃபார்பர். 1962 முதல் முப்பதாண்டுகளுக்கு மேல் அங்கே பணியாற்றிய அவர், மாணவர் ஒரு குறிப்பிட்ட கட்டுரையை எழுதத் தொடங்கும் வேளையில்தான் நூலகர் வகுப்புக்குள் வர வேண்டும் என்று வலியுறுத்தினார். 1971இல் கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கூடிய மாநாட்டிலிருந்து லோயக்ஸ் என்ற அமைப்பு பிறந்து, பயிற்சிக் கையேடுகளைத் திரட்டிப் பகிரத் தொடங்கியது.

பெயரும் கொள்கையும்

தகவல் அறிதிறன் என்ற சொல் நூலகத்துக்கு வெளியிலிருந்து வந்தது. தகவல் தொழில்துறைச் சங்கத்தின் தலைவர் பால் சுர்கோவ்ஸ்கி 1974இல் அமெரிக்க அரசின் நூலக ஆணையத்துக்கு அளித்த அறிக்கையில் அதைப் பயன்படுத்தினார். பணியிடத்தில் தகவல் கருவிகளைக் கையாளும் திறனே அவர் நோக்கம். 1989இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் தலைவர் குழு வெளியிட்ட அறிக்கை அதை வாழ்நாள் கல்வியோடும் குடிமக்களின் பொறுப்போடும் இணைத்தது.

அச்சத்தை அறிதல்

1980களில் ஆய்வின் திசை திரும்பியது. அமெரிக்கத் தென்பகுதிப் பல்கலைக்கழகம் ஒன்றில் கான்ஸ்டன்ஸ் மெலன், நூலகத்தில் தேடிய அனுபவத்தை மாணவர்களே எழுதிய குறிப்புகளை இரண்டு ஆண்டுகள் திரட்டினார். ஏறத்தாழ 6,000 மாணவர்களின் குறிப்புகள் அவை. 75 முதல் 85 விழுக்காட்டினர் தொடக்க அனுபவத்தை அச்சம் என்றே விவரித்திருந்தனர். மற்றவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கத் தனக்கு மட்டும் தெரியாது, தெரியாதது வெட்கக்கேடு, கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என மூன்று எண்ணங்கள் அவர்களை வாய்மூட வைத்தன. 1986இல் வெளியான இக்கட்டுரை நூலக அச்சம் என்ற ஆய்வுப்புலத்தைத் தோற்றுவித்தது. அந்த அச்சத்தை அளக்கும் அளவுகோலை ஷரன் போஸ்டிக் 1992இல் உருவாக்கினார். உதவி மேசையில் கேள்வி கேட்காத மாணவருக்குச் சந்தேகம் இல்லை என்று நினைத்திருந்த நூலகர்களுக்கு இது பெரும் திறப்பு.

பள்ளி நூலகராகத் தொடங்கி ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியரான கேரல் குல்த்தாவ் இதே காலத்தில் தேடலின் முழுப் போக்கையும் பின்தொடர்ந்தார். தொடங்குதல், தலைப்பைத் தேர்தல், துழாவுதல், கோணத்தை வகுத்தல், திரட்டுதல், வழங்குதல் என ஆறு கட்டங்களை வகுத்தார். ஒவ்வொன்றிலும் மனம் என்ன பாடுபடுகிறது என்பதையும் பதிவு செய்தார். தலைப்பு கிடைத்ததும் சற்று நம்பிக்கை வருகிறது. படிக்கப் படிக்கக் குழப்பம் கூடுகிறது. தன் கோணம் பிடிபட்ட பிறகே தெளிவு பிறக்கிறது. நடுவில் வரும் குழப்பம் கற்றலின் இயல்பான பகுதி என்று மாணவருக்கு உறுதி சொல்ல இந்த ஆய்வு ஆதாரம் தந்தது.

தரநிலைகளும் எதிர்வினைகளும்

இணையம் பரவியபின் அளக்கத்தக்க இலக்குகள் தேவைப்பட்டன. பிரிட்டனில் ஸ்கோனல் அமைப்பு 1999இல் ஏழு தூண்கள் என்ற மாதிரியை வெளியிட்டது. அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கம் 2000இல் 5 தரநிலைகளையும் 22 செயல்திறன் குறியீடுகளையும் வகுத்தது. கொழும்பில் 2004இல் நடந்த பன்னாட்டுப் பயிலரங்கின் விளைவாக, எட்டுக் கட்டங்கள் கொண்ட மாதிரி ஒன்றை ஆசிய நாட்டு நூலகர்கள் உருவாக்கினர்.

ஆனால் திறனைப் பட்டியலாகப் பிரிப்பது போதுமா என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. ஆஸ்திரேலியாவின் கிறிஸ்டின் புரூஸ் 1997இல் வெளியிட்ட ஆய்வு, தகவலோடு உறவுகொள்ளும் ஏழு விதங்களை மனிதர்களின் அனுபவத்திலிருந்தே எடுத்துக்காட்டியது. ஜேம்ஸ் எல்ம்போர்க் 2006இல், யாருடைய அறிவு அறிவாக மதிக்கப்படுகிறது என்று மாணவரைக் கேட்கவைப்பதும் நூலகர் கடமை என்று வாதிட்டார். அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கம் 2016இல் பழைய தரநிலைகளைக் கைவிட்டு, ஆறு அடிப்படைக் கருத்துகள் கொண்ட சட்டகத்தை ஏற்றது. புலமை என்பது தலைமுறைகள் கடந்து நடக்கும் உரையாடல் என்பது அவற்றில் ஒன்று.

மாணவர் வாழ்விடத்தில்

ராபின்சன் பணியாற்றிய அதே ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் மானிடவியலாளர் நான்சி ஃபிரைடு ஃபாஸ்டர் நூலகர்களோடு சேர்ந்து களஆய்வு செய்தார். மாணவர்கள் தம் அன்றாடத்தைப் படம்பிடித்தும், நடமாட்டத்தை வரைபடத்தில் குறித்தும் கொடுத்தனர். முடிவுகள் 2007இல் நூலாயின. தொடர்ந்து இல்லினாய் மாநிலத்தின் ஐந்து பல்கலைக்கழகங்களில் நடந்த ஆய்வு, தேடத் தெரியாமல் திணறும்போதும் மாணவர்கள் நூலகரை அணுகுவது அரிது என்று காட்டியது. மெலிசா கிராஸ், டான் லேதம் ஆகியோரின் ஆய்வில், திறன் குறைந்த மாணவர்களே தம் திறனை மிகையாக மதிப்பிட்டனர். அச்சமும் மிகை நம்பிக்கையும் வெவ்வேறு பாதைகளில் மாணவரை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து விடுகின்றன: இரு வகையினருமே உதவி கேட்பதில்லை.

குறைகளும் இன்றைய நிலையும்

இத்துறை ஆய்வுகளில் பல ஒரே கல்லூரியில், சிறு எண்ணிக்கை மாணவரிடம், வகுப்புக்கு முன்னும் பின்னும் தேர்வு வைத்து அளந்தவை. ஓராண்டு கழித்து என்ன மிஞ்சியது என்று அவற்றால் சொல்ல முடியாது. ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு மணிநேர வகுப்பு என்ற ஏற்பாடு இன்னும் பரவலாக இருப்பதால், ஆய்வுகள் பரிந்துரைக்கும் தொடர்பயிற்சி பல இடங்களில் ஏட்டளவிலேயே நிற்கிறது.

கற்பிக்கும் உள்ளடக்கமும் மாறிவருகிறது. இணையதளத்தைச் சரிபார்க்க நூலகர்கள் நெடுங்காலம் கேள்விப் பட்டியல்களைக் கொடுத்துவந்தனர். ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் செய்த ஆய்வில், தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள் ஒரு தளத்துக்குள்ளேயே நின்று ஆராயாமல், உடனே வெளியேறி அதைப் பற்றிப் பிறர் சொல்வதைத் தேடினர். வரலாற்றறிஞர்களும் மாணவர்களும் பெரும்பாலும் தளத்தின் தோற்றத்தில் ஏமாந்தனர். தளத்தைவிட்டு வெளியேறிச் சரிபார்க்கும் இந்தப் பக்கவாட்டு வாசிப்பை இப்போது பல நூலகங்கள் கற்பிக்கின்றன. 2022 இறுதியில் வெளியான சாட்ஜிபிடி போன்ற கருவிகள் இல்லாத கட்டுரைகளையும் மேற்கோளாகத் தருவதால், அவற்றைத் தேடி மாணவர்கள் நூலகத்துக்கு வருகின்றனர். அப்படி வருபவர் கேள்வியோடு வருகிறார் என்பதால், ஃபார்பர் சொன்ன வேளை அதுவே. அந்த நேரத்தில் அவரை வெட்கப்படவிடாமல் நூலகர் அருகில் அமர்ந்து உதவ வேண்டும் என்பதே இவ்வளவு கால ஆய்வும் சேர்ந்து தரும் அறிவுரை.