கோப்பை ஜெயிச்சும் வேலை போச்சு... டாட்டன்ஹாம் மேனேஜரை நீக்கியது ஏன்?

2025 மே 21. ஸ்பெயினின் பில்பாவ் நகரில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என வீழ்த்தி, யூரோப்பா லீக் கோப்பையைத் தூக்கியது லண்டனின் டாட்டன்ஹாம். 17 வருடக் கோப்பை வறட்சி தீர்ந்தது. அடுத்த 16 நாளில் மேனேஜர் ஆஞ்ச் போஸ்டகோக்லுவுக்கு கல்தா!

காரணம், பிரீமியர் லீக் புள்ளிப் பட்டியல். 38 போட்டிகளில் 22 தோல்வி. 20 அணிகளில் 17வது இடம். கடைசி மூன்று அணிகள்தான் கீழ் டிவிஷனுக்கு இறங்கும். அவை இன்னும் மோசமாக ஆடியதால் டாட்டன்ஹாம் தப்பித்தது.

சரி, ஆடியது வீரர்கள். தண்டனை ஏன் மேனேஜருக்கு?

கிரிக்கெட்டில் களத்து முடிவுகள் கேப்டன் கையில். கால்பந்தில் யார் ஆடணும், எப்படி ஆடணும், யாரை எப்போது மாற்றணும் எல்லாமே மேனேஜர்தான். பல வருட ஒப்பந்தத்தில் இருக்கும் மொத்த அணியையும் ஒரே நாளில் மாற்ற முடியாது, ஒருத்தரை மாற்றலாம்.

வான் டி வென், ரொமேரோ, கோல்கீப்பர் விகாரியோ என முக்கியமான ஆட்கள் காயத்தால் பல மாதம் வெளியே இருந்தது உண்மை. ஆனாலும் முன்னேறி நின்று தாக்கும் தன் பாணியை லீக்கில் ஆஞ்ச் பெரிதாக மாற்றவில்லை. அதில் அவர் பிடிவாதக்காரர்தான். நிர்வாகக் குழு ஒருமனதாக முடிவெடுத்ததாக கிளப் அறிவித்தது.

இரண்டாவது சீசனில் எப்போதும் ஏதாவது ஜெயிப்பேன் என்று 2024 செப்டம்பரில் சொன்னவர் ஆஞ்ச். சொன்னபடி ஜெயித்தார். அந்தக் கோப்பையால் கிடைத்த சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு, பிரென்ட்ஃபோர்டில் இருந்து வந்த தாமஸ் ஃபிராங்க் கைக்குப் போனது.